மட்ஸ், சயன்ஸ் பிஎஸ்சி செய்யப் போற பிள்ளையளுக்கு: கம்பஸைத் தெரிவுசெய்யிறதுக்கு முதல் பாக்கவேண்டியது

ஏ எல் (உயர்தர) ரிசல்ட் வந்த உடன எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் கேக்கிற கேள்வி மெடிசின் வருமோ எஞ்சினியரிங் வருமோ எண்டதுதான். ரெண்டும் வராது போல இருந்தா "சரி, சயன்ஸ் எங்கயாவது போட்டுவிடு" எண்டு சொல்லிப்போட்டு வீட்டுக்காரர் ஓய்ஞ்சிடுவினம், பிள்ளையும் ரியூட்டரியில பக்கத்தில இருந்தவன் என்ன ஓடரில போட்டானோ அதே ஓடரில போட்டுட்டு வந்திடும். மூண்டு நாலு வருசம் படிக்கப்போற இடம், பிறகு ஓய்வு எடுக்கிற மட்டும் செய்யப்போற வேலைக்கு அத்திவாரம் போடுற இடம், அதை ஒரு பின்னேரத்தில தீர்மானிக்கிறதைப் பாக்க எனக்கு மனசு பொறுக்கேல்ல, அதான் இதை எழுதுறன். கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மாதிரி ஒரு பாடத்தைப் பட்டமாப் படிக்க யோசிக்கிற பிள்ளையளும் அவையின்ர அப்பா அம்மாவும் சேர்ந்திருந்து வாசிச்சா நல்லம்.

ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுறன். நீங்கள் தெரிவுசெய்யவேண்டியது ஒரு துறையை. பல்கலைக்கழகத்தின்ர பேர் அதுக்குப் பிறகுதான். கொழும்பு பெரிசு, பேராதனை வடிவு, யாழ்ப்பாணம் வீட்டுக்குக் கிட்ட எண்டு ஆக்கள் கதைக்கிறதெல்லாம் உண்மைதான், ஆனா உங்களுக்கு வகுப்பு எடுக்கப்போறது அந்தத் துறையில இருக்கிற கொஞ்ச விரிவுரையாளர்மார், நீங்கள் நிக்கப்போறது அந்தத் துறையின்ர லாபில, கடைசி வருசம் புரொஜெக்ட் செய்யப்போறது அவையில ஒராளுக்குக் கீழ. ஒரே கம்பஸுக்குள்ள ஒரு துறை நல்லா நடக்கும், பக்கத்துத் துறையில ஆளில்லாம இழுபடும்.

முதல் வேலை, எந்தப் பாடம் எண்டு முடிவெடுக்கிறது

"மட்ஸ் எனக்கு ஓடும்" எண்டது காணாது. ஏ எல் இணைந்த கணிதத்தில நீங்கள் செய்தது பெரும்பாலும் கணக்குச் செய்யிறது, தொகையிடுறது, வேக நேர வரைபு கீறி இயக்கவியல் கணக்கைப் பிடிக்கிறது, பாஸ்ற் பேப்பர் இருபது வருசத்தை உருட்டி எடுக்கிறது. கம்பஸில தூய கணிதம் எண்டு போனீங்கள் எண்டா ஆட்டமே மாறிடும். ரியல் அனாலிசிஸ் எண்டு ஒரு பாடம் வரும், அதில "எல்லை" எண்டா என்ன எண்டதை எப்சிலன் டெல்ரா வைச்சு ஒரு வரி பிசகாம நிறுவவேணும். குறூப் தியரி, லீனியர் அல்ஜீப்ரா எல்லாம் அப்பிடித்தான், விடை எண்டு ஒரு இலக்கம் வராது, ஏன் அது சரி எண்டு எழுதவேணும். இதில ருசி இருக்கிற பிள்ளை அங்க போய்ப் பூத்திடும். கணக்குச் செய்து விடை வாறதிலதான் சந்தோசம் எண்ட பிள்ளைக்குப் பிரயோக கணிதம், புள்ளிவிபரவியல், பௌதிகவியல், கொம்பியூட்டர் சயன்ஸ் இந்தப் பக்கம் பொருந்தும். ரெண்டும் நல்ல வழிதான், ஆனா வேற வேற வழி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவில்லை. இந்திய ஐஐடி ஆக்கள் நடத்துற என்பிடெல், அமெரிக்காவில எம்ஐடி போட்டிருக்கிற ஓப்பன் கோர்ஸ்வெயார், ரெண்டும் யூடியூப்பில இலவசமாக் கிடக்கு. உங்களுக்கு விருப்பமான பாடத்தில முதலாம் வருச விரிவுரை மூண்டு நாலு பாருங்கோ. விளங்காட்டியும் பரவாயில்லை, இங்கிலிஷும் புதுசு பாடமும் புதுசு, விளங்காதுதான். ஆனா பாத்து முடிய "அடுத்தது என்ன" எண்டு கேக்க மனம் வருதோ எண்டு பாருங்கோ. பயோ பிள்ளையளும் இதைச் செய்யவேணும், ஏனெண்டா மெடிசின் தவறிப்போச்சு எண்டதுக்காக உயிரியல் விஞ்ஞானம் போட்டுட்டு, தாவரவியல் விலங்கியல் பிராக்ரிக்கலில மனமில்லாம நிக்கிற பிள்ளையளை நான் கண்டிருக்கிறன். அதே பிள்ளை இரசாயனவியலை ஒழுங்காப் பிடிச்சிருந்தா எவ்வளவு தூரம் போயிருக்கும்.

அடுத்தது யூஜிசி கையேடு

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு (யூஜிசி) ஒவ்வொரு வருசமும் மாணவர் அனுமதிக் கையேடு வெளியிடும். தமிழிலயும் இருக்கு. இதை முழுசா வாசிக்கிற ஆக்கள் குறைவு, எல்லாரும் கடைசிப் பக்கத்தில இருக்கிற வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்க வேண்டிய ஆகக் குறைஞ்ச புள்ளி) அட்டவணைக்குத்தான் ஓடுவினம். நீங்கள் முதல்ல பாக்கவேண்டியது ஒவ்வொரு கற்கைநெறிக்கும் என்ன பாடம் கேக்கினம், என்ன பெறுபேறு கேக்கினம் எண்டதை. மூண்டு பாடமும் ஒரே தடவையில குறைஞ்சது எஸ் (சாதாரண சித்தி), ஏ எல்லோட வாற பொதுச் சாதாரண பரீட்சையில 30 புள்ளி எண்டது அடிப்படைத் தகுதி, அதுக்கு மேல ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனி நிபந்தனை இருக்கு. இணைந்த கணிதம், பௌதிகவியலோட இரசாயனவியலுக்குப் பதிலா ஐசிடி செய்த பிள்ளையளுக்கு எல்லாக் கதவும் திறக்காது, எது திறக்கும் எண்டதை வரி வரியாப் பாக்கவேணும்.

பேரைப் பாத்து ஏமாறவும் கூடாது. பௌதிக விஞ்ஞானம் எண்டு ஒரு கற்கைநெறி கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜெயவர்த்தனபுர, களனி, ருகுணு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் எண்டு கன இடத்தில இருக்கு, ஆனா உள்ளுக்க என்ன பாடச் சேர்க்கை எடுக்கலாம் எண்டது இடத்துக்கு இடம் வேற. பிரயோக விஞ்ஞானம் எண்டு ரஜரட்ட, சப்ரகமுவ, வயம்ப, வவுனியா பக்கம் இருக்கு. இதைவிட, பொது வரிசையில கலக்காம தனியா நிக்கிற சில நல்ல நெறியள் இருக்கு: பேராதனையில புள்ளிவிபரவியலும் செயற்பாட்டு ஆய்வும், கொழும்பில கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியும் மாதிரி. பாங்க், இன்சூரன்ஸ், டேட்டா வேலை எண்டு யோசிக்கிற மட்ஸ் பிள்ளையள் இதுகளைக் கட்டாயம் பாக்கவேணும், எங்கட பக்கத்தில கனபேருக்கு இப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது.

வெட்டுப்புள்ளியும் விருப்ப வரிசையும்

சயன்ஸ் நெறியளுக்குப் பொதுவா 100 இடம் இருந்தா 40 இலங்கை முழுக்கத் திறமை வரிசையில போகும், 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும், மிச்சம் 5 கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு. அதாலதான் ஒரே கற்கைநெறிக்கு யாழ்ப்பாணத்துக்கு ஒரு இசட் ஸ்கோரும் (ஏ எல் புள்ளியளைத் தரப்படுத்தி எடுக்கிற மதிப்பு) முல்லைத்தீவுக்கு இன்னொரு இசட் ஸ்கோரும் வருது. கொழும்பில இருக்கிற உங்கட சொந்தக்காரப் பிள்ளைக்கு என்ன வந்தது எண்டது உங்களுக்கு உதவாது, உங்கட மாவட்டத்துப் பத்தியை மட்டும் பாருங்கோ, ஒரு வருசம் காணாது, கடைசி மூண்டு நாலு வருசத்தைச் சேர்த்துப் பாருங்கோ. வெட்டுப்புள்ளி கூடிக் குறையிறது, அந்த வருசம் எத்தினை பேர் எதை எதை முன்னுக்குப் போட்டினம் எண்டதிலயும் தங்கியிருக்கு.

இப்ப முக்கியமான இடம். விண்ணப்பத்தில நீங்கள் போடுற விருப்ப வரிசை உண்மையான விருப்பமா இருக்கவேணும். கணனி உங்கட வரிசையை மேல இருந்து கீழ பாத்துக்கொண்டு வந்து, உங்கட இசட் ஸ்கோருக்கு இடம் இருக்கிற முதலாவதில உங்களை வைக்கும், அவ்வளவுதான். வராது எண்டு நினைச்சு விருப்பமானதை விட்டுப்போட்டு, வரும் எண்டு நினைக்கிறதை மேல போட்டா, அது வந்திடும், பிறகு அழுது வேலையில்லை. மேல ஆசைப்பட்டதைப் போட்டதால கீழ இருக்கிறதில உங்கட வாய்ப்புக் குறையாது. அதே மாதிரி, போகவே விருப்பமில்லாத ஒரு நெறியைச் சும்மா நிரப்புறதுக்காகப் போடாதேங்கோ. ஒருக்காப் பதிஞ்ச பிறகு திரும்ப விண்ணப்பிக்கிறது பற்றி கடுமையான விதி இருக்கு, திரும்பவும் ஏ எல் எடுக்கிற யோசனை இருக்கிற பிள்ளையள் அந்தப் பந்தியை ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் பதியவேணும். விண்ணப்பத்தை நீங்களே இருந்து நிரப்புங்கோ, கொமினிகேசன் கடையில குடுத்து நிரப்பினாலும் பக்கத்தில இருந்து ஒவ்வொரு யூனி கோட்டையும் (எந்தப் பல்கலைக்கழகத்தில எந்த நெறி எண்டு காட்டுற குறியீடு) சரி பாருங்கோ. ஒரு இலக்கம் மாறினா வேற ஊர், வேற பட்டம்.

துறையைப் பாக்கிறது எப்பிடி

இதுக்குத்தான் கூட நேரம் செலவழிக்கவேணும். ஒவ்வொரு பீடத்துக்கும் வெப்சைற் இருக்கு, அதில துறையின்ர பக்கத்துக்குப் போங்கோ. நிரந்தர விரிவுரையாளர் எத்தினை பேர், அதில பிஎச்டி முடிச்ச ஆக்கள் எத்தினை, எத்தினை பேர் படிப்பு லீவில வெளிநாட்டில நிக்கினம் எண்டு பாருங்கோ. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கன விரிவுரையாளர்மார் நாட்டை விட்டுப் போட்டினம், அதால பழைய பேரை வைச்சுக்கொண்டு ஒரு துறையை மதிப்பிட ஏலாது, இண்டைக்கு ஆர் இருக்கினம் எண்டதுதான் கணக்கு. அவையின்ர பேரை கூகிள் ஸ்கொலரில தட்டினா கடைசி அஞ்சு வருசத்தில என்ன ஆராய்ச்சி செய்தவை எண்டு வரும். கட்டுரை விளங்காட்டிப் பரவாயில்லை, தலைப்பையும் வருசத்தையும் பாத்தாலே துறை உசாரா இருக்கோ இல்லையோ எண்டு தெரியும்.

அடுத்தது ஸ்பெஷல். மூண்டு வருசப் பொதுப் பட்டம், நாலு வருசச் சிறப்புப் பட்டம் எண்டு ரெண்டு வகை. கம்பஸ் கிடைச்ச எல்லாருக்கும் ஸ்பெஷல் கிடைக்காது, முதல் வருசங்களில எடுக்கிற ஜிபிஏயை (பாடப் பெறுபேறுகளின்ர சராசரிப் புள்ளி) வைச்சுத்தான் தெரிவுசெய்வினம், சில துறையில இடமும் குறைவு. நீங்கள் பாக்கவேண்டியது, உங்களுக்கு வேண்டிய பாடத்தில அந்த இடத்தில ஸ்பெஷல் இருக்கோ, அதுக்கு என்ன ஜிபிஏ கேக்கினம், முதல் வருசத்தில எந்தப் பாடச் சேர்க்கை எடுத்தாத்தான் அதுக்குத் தகுதி வரும் எண்டதை. வெளிநாட்டில மேல படிக்க, ஆராய்ச்சிக்குப் போக யோசிக்கிற பிள்ளைக்கு நாலு வருசப் பட்டம் பெரிய உதவி, அமெரிக்காப் பக்கம் பிஎச்டிக்கு உதவிப்பணத்தோட இடம் எடுக்கிறதுக்குப் பொதுவா நாலு வருசப் படிப்பைத்தான் எதிர்பாப்பினம். வீட்டு நிலைமைக்குக் கெதியா வேலைக்குப் போகவேணும் எண்ட பிள்ளைக்கு மூண்டு வருசப் பட்டமும் நல்ல பட்டம்தான், அதோட ஆசிரியர் சேவைக்கும் அரசாங்கச் சோதினையளுக்கும் போகலாம்.

பிறகு அங்க படிக்கிற, இல்லாட்டி இப்பத்தான் முடிச்ச ரெண்டு மூண்டு பேரோட கதையுங்கோ. உங்கட பள்ளிக்கூடத்தில கேட்டா மூண்டு நாலு வருசத்துக்கு முந்தின பட்ச் அண்ணாமார் அக்காமாரின்ர நம்பர் கட்டாயம் கிடைக்கும். "கம்பஸ் எப்பிடி அண்ணா" எண்டு கேட்டா "நல்லம்" எண்டுதான் சொல்லுவார். வடிவாக் கேக்கவேணும்: உங்கட பட்ச் எந்த மாசம் உள்ளுக்குப் போனது, எந்த மாசம் பட்டம் கையில வந்தது? நாலு வருசம் எண்டு எழுதியிருக்கிறது கொரோனாவாலயும் ஸ்ரைக்காலயும் அஞ்சு, அஞ்சரை எண்டு இழுபட்ட பட்சுகள் இருக்கு. சோதினை ரிசல்ட் எவ்வளவு நாளில வரும்? லாபில ஒரு உபகரணத்துக்கு எத்தினை பேர் நிக்கிறது? விளங்காட்டி சேரின்ர அறைக்குப் போய்க் கேக்கலாமோ? உங்களோட படிச்ச ஆக்கள் இப்ப எங்க வேலை செய்யினம்? கடைசிக் கேள்விக்கு ஆள் ஆளாப் பேர் சொல்லச் சொல்லுங்கோ, அப்பத்தான் உண்மை வரும்.

இங்கிலிஷ்

சயன்ஸ் பீடத்தில படிப்பு இங்கிலிஷில, யாழ்ப்பாணத்திலயும் அப்பிடித்தான். தமிழ் மீடியத்தில மூண்டு ஏ எடுத்த பிள்ளை முதல் செமஸ்ரரில சுருண்டு போறதுக்குப் பாடம் காரணமில்லை, நோட்ஸை வாசிக்க எடுக்கிற நேரம்தான் காரணம். ஏ எல் முடிஞ்சு கம்பஸ் தொடங்க மாசக்கணக்கா இருக்கும், அந்த நேரத்தில உங்கட மூண்டு பாடத்தின்ரயும் சொல்லுகளை இங்கிலிஷில ஒரு கொப்பியில எழுதிப் பழகுங்கோ. தமிழில தெரிஞ்ச ஒரு பாடத்தை, உதாரணத்துக்கு வெப்பவியலை, இங்கிலிஷ் புத்தகத்தில திருப்பி வாசிச்சா விசயம் தெரிஞ்சபடியா மொழி தானா ஏறும். ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாசை விட இது கூடப் பலன் தரும் எண்டது என்ர நம்பிக்கை.

வீட்டில இருந்தோ, வெளியில போயோ

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல வளாகமாத் தொடங்கேக்க விஞ்ஞான பீடம் முதல்ல வட்டுக்கோட்டையில யாழ்ப்பாணக் கல்லூரிக் கட்டடத்திலதான் நடந்தது, பிறகுதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்தது. அந்த வட்டுக்கோட்டை மண்ணில 1823இல மிசனறிமார் தொடங்கின செமினறியில கணிதமும் வானியலும் படிப்பிச்சவை, அங்க படிச்ச சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் 1857இல சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியள். விசுவநாதபிள்ளை கணிதத்தில பேர்போன ஆள். இதை ஏன் சொல்லுறன் எண்டா, ஊரில படிக்கிறதை இரண்டாந்தரமா நினைக்கிற பிள்ளையளுக்காக. திருநெல்வேலியில கணிதமும் புள்ளிவிபரவியலும், பௌதிகவியல், இரசாயனவியல், கொம்பியூட்டர் சயன்ஸ், தாவரவியல், விலங்கியல், கடற்றொழில் எண்டு துறையள் இருக்கு. வீட்டுச் சாப்பாடு, சைக்கிளில போய் வரலாம், செலவு குறைவு. ஆனா அதிலயும் ஒரு சிக்கல் இருக்கு: வீட்டில இருந்து படிக்கிற பிள்ளை ரியூசன் குடுக்கத் தொடங்கி, கலியாண வீடு, கோயில் திருவிழா எண்டு எல்லாத்துக்கும் நிண்டு, படிப்பு பகுதிநேரமாப் போறது நடக்கும். வீட்டுக்காரர்தான் அதைப் பாத்துக்கொள்ளவேணும்.

வெளியில போறதெண்டா பாக்கவேண்டியது வேற. பேராதனையில ஹொஸ்டல் வசதி கூட, இடமும் படிப்புக்கெண்டே கட்டின இடம். கொழும்பில போர்டிங் விலை, ஆனா வேலைப் பயிற்சிக்குக் கொம்பனியள் பக்கத்தில. சிங்களம் தெரியாது எண்டு பயப்பிடவேண்டாம், போய் ஆறு மாசத்தில கடையில கதைக்கிற அளவுக்கு வந்திடும், அது பிறகு வேலைக்கும் உதவும். பொம்பிளைப் பிள்ளையளை அவ்வளவு தூரம் விட ஏலாது எண்டு நிக்கிற அப்பாமாருக்கு ஒண்டு சொல்லுறன், முடிவெடுக்கிறதுக்கு முதல் ஒருக்காப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைப் பாத்திட்டு வாங்கோ, அங்க படிக்கிற எங்கட பிள்ளையளோட கதையுங்கோ, முதலாம் வருசமும் கடைசி வருசமும் ஹொஸ்டல் கிடைக்குமோ எண்டு கேளுங்கோ. பகிடிவதை 1998இல வந்த 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், யூஜிசிக்கு நேர முறைப்பாடு செய்யலாம், இதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கோ.

காசைப் பொறுத்தவரை அரச பல்கலைக்கழகத்தில படிப்புக்குக் கட்டணம் இல்லை, மகாபொல, பேர்சறி எண்டு ரெண்டு உதவிப்பணமும் இருக்கு. வீட்டு வருமானப் பத்திரங்களை ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) நேரத்துக்கு எடுத்து வையுங்கோ, இதில பிந்தி இழந்த பிள்ளையள் கன.

இசட் ஸ்கோர் காணாட்டி

கதவு பூட்டுப்படேல்ல. திறந்த பல்கலைக்கழகத்தில பிஎஸ்சி இருக்கு, கொக்குவிலில அவையின்ர பிராந்திய நிலையம் இருக்கு, வேலை செய்துகொண்டும் படிக்கலாம், ஆனா தானா இருந்து படிக்கிற குணம் வேணும். இரசாயனவியலில உண்மையான விருப்பம் எண்டா, 1941இல தொடங்கின இலங்கை இரசாயன நிறுவனம் ராஜகிரியவில நடத்துற நாலு வருச இரசாயனவியல் கோர்ஸ் இருக்கு, கட்டணம் உண்டு, ஆனா சிறப்புப் பட்டத்துக்குச் சமனா எடுக்கினம், அதில முடிச்சு வெளிநாட்டில பிஎச்டிக்குப் போன ஆக்கள் கன. கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்கத்தான் விருப்பம் எண்டா கல்வியியற் கல்லூரியளையும் பாருங்கோ. இந்தியாவுக்குப் போறதெண்டா இந்திய அரசாங்கம் குடுக்கிற ஐசிசிஆர் ஸ்கொலர்ஷிப் விபரம் யாழ்ப்பாணத்தில இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில கேக்கலாம், தூய கணிதத்தில பைத்தியமா இருக்கிற பிள்ளை சிறுசேரியில இருக்கிற சென்னைக் கணிதக் கழகத்தின்ர நுழைவுச் சோதினையை ஒருக்காப் பாக்கவேணும், கேள்வித்தாளைப் பாத்தாலே தன்ர தரம் தெரியும். எந்தத் தனியார் நிறுவனம் எண்டாலும், எந்த வெளிநாட்டுப் பட்டம் எண்டாலும், காசு கட்டுறதுக்கு முதல் அந்தப் பட்டத்தை யூஜிசி ஏற்குமோ எண்டு அவையின்ர தளத்திலயே பாருங்கோ, நோட்டீசில அடிச்சிருக்கிறதை நம்பவேண்டாம். பேர் கொம்பியூட்டிங் எண்டு இருந்தாலும் பாடத்திட்டத்தில கணிதம் எத்தினை கிரெடிற் எண்டு எண்ணிப் பாருங்கோ.

இடம் கிடைச்சுப் பதிஞ்ச பிறகும் ஒரு தெரிவு மிச்சம் இருக்கு, அதை எல்லாரும் அவசரத்தில செய்வினம். முதல் கிழமையிலயே பாடச் சேர்க்கை கேப்பினம். கூட்டாளி எடுக்கிறான் எண்டு எடுக்காம, பீடத்தின்ர கையேட்டில எந்த ஸ்பெஷலுக்கு எந்தச் சேர்க்கை வேணும் எண்ட பக்கத்தைக் கையில வைச்சுக்கொண்டு போங்கோ. சந்தேகம் இருந்தா படிவம் குடுக்கிறதுக்கு முதல் துறைத் தலைவரின்ர அறைக் கதவைத் தட்டிக் கேளுங்கோ, முதலாம் வருசப் பிள்ளை வந்து கேட்டா ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். மட்ஸ் பிள்ளையளுக்கு என்ர அபிப்பிராயம், மூண்டாவது பாடம் எதெண்டு தடுமாறினா புள்ளிவிபரவியலையோ கொம்பியூட்டர் சயன்ஸையோ விடாம எடுங்கோ. பிறகு கணிதத்தில ஸ்பெஷல் கிடைக்காட்டியும் அதைப் பிடிச்சுக்கொண்டு போகலாம்.